கண்ணீர்ப்பூச்சுக் குலைவு: கண்ணில லேசர் செய்தவைக்குக் குடுக்கிற அறிவுறுத்தல் துண்டுக்கு ஒரு சொல்

> லேசருக்குப் பிறகு வாற "ட்ரை ஐ"க்கு (dry eye) "உலர்கண்" எண்டே போடுவம் தம்பி. தமிழ்நாட்டில ஏற்கனவே ஓடுற சொல், புதுசா ஏன் மினக்கெடுவான்.

அண்ணை, சொல்லில பிழையில்லை, எங்கட சனத்துக்குத்தான் அது ஒத்துவராது. கொழும்புக்குப் போய் லேசர் செய்து கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பி வாற பிள்ளையள் சொல்லுறதைக் கேளுங்கோ, கண் எரியுது, மண் விழுந்தமாதிரி உறுத்துது, ஆனா தண்ணி ஓடிக்கொண்டே கிடக்கு எண்டுவினம். தண்ணி ஓடுற கண்ணை உலர்கண் எண்டா நம்புவினமோ? ட்ரொப்ஸை நிப்பாட்டிப் போடுவினம். அந்தத் தண்ணி உறுத்தல் தாங்காமச் சுரக்கிறது, கண்ணில தங்காம வழிஞ்சு போயிடும்.

லாசிக் எண்ட லேசர் முறையில கருமணிக்கு மேல இருக்கிற கண்ணாடிமாதிரிப் பகுதியில மெல்லிய மூடியொண்டை வெட்டித் திறக்கினம், அதோட அங்க ஓடுற நுண்நரம்புகளும் வெட்டுப்படுது. "காயுது, சிமிட்டு, கண்ணீர் விடு" எண்டு மூளைக்குச் சொல்லுறது அந்த நரம்புதான். அது திரும்ப வளர மாதக்கணக்கில செல்லும், கனபேருக்கு 6 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில நல்லாத் தெளியும், கொஞ்சப்பேருக்கு இழுபடும். சின்ன வெட்டு மட்டும் போடுற ஸ்மைல் முறையில இந்தக் கரைச்சல் குறைவு எண்டுதான் பொதுவாச் சொல்லுறது.

இன்னொண்டு. வரத்துத்தண்ணி இல்லாட்டியும் குளம் வத்தும், வரத்து இருந்தும் சோளகக் காத்தில ஆவியாப் போனாலும் வத்தும். கண்ணும் அப்பிடித்தான், கண்ணீர் காணாம வாறது ஒண்டு, இமை ஓரத்துச் சுரப்பிகள் விடுற எண்ணெய் காணாமக் கண்ணீர் ஆவியாப் போறது மற்றது. ரெண்டும் சேந்தும் வரும். எண்ணெய் குறைஞ்ச ஆளுக்குச் சுடுதண்ணியில நனைச்ச துணியை இளஞ்சூட்டோட மூடின இமையில 5, 10 நிமிசம் வைக்கச் சொல்லோணும், வெறும் துளி விட்டுக்கொண்டிருந்தாக் காணாது. அதால ரெண்டையும் அடக்கி "கண்ணீர்ப்படலக் குலைவு" எண்டு வைப்பம் எண்டது என்ர எண்ணம். இந்த வருத்தத்துக்கு 2017இல வந்த சர்வதேச வரையறையும் கண்ணீர்ப்படலம் சமநிலை கெடுறதைத்தான் மையமா வைச்சது.

------

தம்பி, படலம் வேண்டாம். கிளினிக்கில நிக்கிற எனக்குத் தெரியும், கண்ணில படலம் எண்டு சொன்ன உடன எங்கட அம்மாமார் வெண்புரை எண்டு நினைச்சு எப்ப ஒப்பரேசன் எண்டு கேப்பினம். பள்ளிக்கூடப் புத்தகத்தில ஓசோனுக்குப் போடுற "படை"யும் வேண்டாம், ஒண்டில் தோல் வருத்தம் எண்டுவினம், இல்லாட்டி... வன்னியில அந்தச் சொல்லுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லைத்தானே.

"பூச்சு" எப்பிடி? கண்ணீர்ப்பூச்சு. சிமிட்டேக்க இமை பூசிவிடுறதுதானே அது. போனைப் பாத்துக்கொண்டிருக்கேக்க சிமிட்டுறது குறையுது, பூச்சு காய்ஞ்சு பிரியுது எண்டு பிள்ளையளுக்கும் விளங்கப்படுத்தலாம்.

மற்றது, துண்டில "நற்காப்பு இல்லாத துளி" எண்டு போட்டிருக்கிறீங்கள். துளி பழுதாகாமக் கலக்கிற சாமானுக்குப் பாடப்புத்தகச் சொல்தான் அது, ஆனா நற்காப்பு இல்லாதது எண்டா பாதுகாப்பில்லாத மலிஞ்ச சாமான் எண்டுதான் ஆக்கள் எடுப்பினம். விசயம் நேரெதிர். ஒரு நாளில நாலு தரத்துக்கு மேல விடுற ஆளுக்குப் பென்சல்கோனியம் குளோரைட்டுமாதிரி நற்காப்புச் சாமான் கலந்த துளி கண்ணின்ர மேற்தோலையே அரிச்சுப்போடும், அவைக்கு அது கலக்காததுதான் நல்லது.

------

பூச்சு நல்லாயிருக்கு அக்கா, பூச்சு மருந்தோட குழம்பினாலும் "கண்ணீர்" முன்னுக்கு நிக்கிறதால சமாளிக்கலாம். அப்ப தலைப்புச்சொல் கண்ணீர்ப்பூச்சுக் குலைவு, அதுக்குள்ள நீர்க்குறை, எண்ணெய்க்குறை எண்டு ரெண்டு. உலர்கண்ணையும் பக்கத்தில ஒருக்காப் போட்டுவிடுவம், அண்ணை கோவிக்காம.

துளிக்கு "கலப்பில்லாத் துளி" எண்டு வைச்சா? சின்னச் சின்னக் குப்பியா வாறதை "ஒருவேளைக் குப்பி" எண்டலாம், உடைச்சா மிஞ்சினதை அடுத்த நாளுக்கு பிரிட்ஜில வைக்கக்கூடாது எண்டது பேரிலேயே வந்திடும். விலை கூடின சாமான், வைக்கத்தான் மனம் சொல்லும், அதுக்காகவே அந்தப் பேர் வேணும்.

தடுமனுக்குப் பிரிட்டோன் குளிசை போட்டாலும் கண் கூடக் காயும் எண்டதையும் சேக்கிறன். சோளகத்துக்க கிரவல் றோட்டில மோட்டச்சைக்கிள் ஓடுறவை பக்கமும் மூடின கண்ணாடி போடோணும், லேசர் செய்தாப் பிறகு கண்ணாடியே தேவையில்லை எண்டு நிக்கிறவைக்கு இதுதான் கசக்கும்.

கடுமையான நோ, பார்வை மங்கிக்கொண்டு போறது, வெளிச்சம் தாங்கேலாதது, பூளை கட்டுறது, இதில எது வந்தாலும் துளி விட்டுக்கொண்டு வீட்டில இருக்காம அண்டைக்கே கண் டொக்டரிட்டப் போகச் சொல்லி மேல பெரிய எழுத்தில போடுறன், அதுக்குக் கலைச்சொல் ஒண்டும் வேண்டாம்.