முதல் கோல் வாங்கிவிட்டால் இந்தியா எழுந்திருக்குமா?

பாம்பன்_வாடை:
என் கட்சி இதுதான். நம் இந்தியக் கால்பந்து அணி முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டால் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கலாம். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவிடம் 2-0, உஸ்பெகிஸ்தானிடம் 3-0, சிரியாவிடம் 1-0. மூன்று ஆட்டத்திலும் ஒரு கோல்கூடத் திருப்பிப் போடவில்லை. சரி, அவர்கள் எல்லாம் பெரிய கைகள் என்று விட்டுவிடுவோம். 2025 நவம்பரில் டாக்காவில் வங்கதேசம் கால் மணி ஆவதற்குள் ஒன்று போட்டது. மிச்ச நேரம் பூராவும் கையில் இருந்தும் 1-0 என்றே முடிந்தது. இதற்கு என்ன சமாதானம் சொல்லப் போகிறீர்கள்?

கீழக்கரை_காக்கா:
தம்பி, தோற்றதை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்தால் எப்படி? 2023 ஜூலை 4, பெங்களூரு கண்டீரவா மைதானம், தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் கோப்பை இறுதி ஆட்டம். குவைத் 14ஆவது நிமிடத்திலேயே அடித்துவிட்டது. பயிற்சியாளர் ஸ்டிமாச்சுக்குத் தடை வேறு, ஓரத்தில் நிற்கக்கூட அவரால் முடியாது. ஆனாலும் பாதி நேரத்துக்கு முன்னாலேயே, அணித்தலைவர் சேத்ரி கொடுத்த பந்தை சஹல் ஓடிப் பிடித்து, தானே அடிக்க ஆசைப்படாமல் குறுக்கே தட்டிவிட, சாங்தே உள்ளே தள்ளினார். அந்த ஒரு பாஸை நான் இன்னும் போட்டுப் பார்க்கிறேன். கடைசியில் ஆட்டம் சமமாகவே நின்று, பெனால்டி ஷூட் அவுட்டில் நம் கோல்கீப்பர் குர்பிரீத் பாய்ந்து தடுத்து, கோப்பை நம் கையில். என் மச்சான் குவைத்தில் இருக்கிறார். மறுநாள் கடை திறக்கும்போது அர்பாப் (முதலாளி) முன்னால் சிரிப்பை அடக்க முடியவில்லையாம்.

அப்புறம் 2025 செப்டம்பரில் மத்திய ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் காஃபா நேஷன்ஸ் கோப்பை, மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். ஓமன் முதலில் போட்டது, உதாந்தா சமன் செய்தார், பெனால்டியில் நாம் ஜெயித்தோம். படுத்துத் தூங்கியிருந்தால் இரண்டும் போயிருக்கும்.

பாம்பன்_வாடை:
காக்கா, இரண்டுமே பெனால்டி. ஏட்டில் அந்த ஆட்டங்கள் டிரா என்றுதான் எழுதப்படும். நான் கேட்பது பின்தங்கி ஜெயித்ததை. சமன் செய்ததை இல்லை.

தங்கச்சிமடம்_9:
மாப்ள, 2016 ஜனவரி 3, திருவனந்தபுரம். அதுவும் சாஃப் இறுதிதான். ஆப்கானிஸ்தான் 70ஆவது நிமிடத்தில் போட்டது, ஜேஜே இரண்டே நிமிடத்தில் திருப்பிப் போட்டார், கூடுதல் நேரத்தில் சேத்ரி முடித்தார். 2-1. இதில் பெனால்டி ஷூட் அவுட் எங்கே இருக்கிறது?

பாம்பன்_வாடை:
ஒன்றைக் காட்ட 2016 வரை போக வேண்டியிருக்கிறது பார்த்தாயா? அதுவும் சொந்த மண்ணில்.

தொண்டி_லெஃப்ட்பேக்:
நீங்கள் எல்லோரும் தப்பான காயத்துக்கு மருந்து தேடுகிறீர்கள். நம் வியாதி, முதல் கோல் போட்ட பிறகுதான் முற்றுகிறது. 2019இல் குவாஹாட்டியில் ஓமனுக்கு எதிராக சேத்ரி முதலில் அடித்தார். 82ஆவது நிமிடம் வரை முன்னிலை. முடிவு 1-2. அதே குவாஹாட்டியில் 2024 மார்ச், சேத்ரியின் 150ஆவது சர்வதேச ஆட்டம், முதல் கோலும் அவருடையது. ஆப்கானிஸ்தானிடம் 1-2. 2025 அக்டோபரில் கோவாவில் சாங்தே 14ஆவது நிமிடத்தில் போட்டும் சிங்கப்பூரிடம் 1-2. அடுத்த ஆசியக் கோப்பைக்குப் போகும் கனவு அங்கேயே முடிந்தது. அதற்கு ஐந்து நாள் முன்னால் சிங்கப்பூர் மண்ணில், ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கிப் பத்துப் பேராக நின்று, பின்தங்கி இருந்தும், ரஹீம் அலி 90ஆவது நிமிடத்தில் சமன் செய்தார். பின்தங்கினால் ஓடுகிறார்கள், முன்னால் போனால் கால் நடுங்குகிறது.

எங்கள் கடற்கரையில் ஆடி மாதம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) ஆடியவர்களுக்குத் தெரியும். டாஸ் தோற்றால் முதல் பாதி கச்சான் என்கிற மேல்காற்றுக்கு எதிரே. கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து நடுக்கோடு தாண்டாமல் தலைக்கு மேலேயே நிற்கும். அந்தப் பாதியில் ஒன்று வாங்கினால் எவனும் பதற மாட்டான், அடுத்த பாதியில் பக்கம் மாறிக் காற்று நமக்குக் கிடைக்கும் என்று தெரியும். காற்றோடு ஆடும்போது வாங்கினால்தான் ஆட்டம் போச்சு. எந்த நேரத்தில், என்ன நிலையில் வாங்கினோம் என்று பார்க்காமல் வெறும் முதல் கோலை மட்டும் எண்ணினால் ஒன்றும் புரியாது.

மண்டபம்_மாஸ்டர்:
எழுந்திருப்பது என்றால் என்னவென்று குரோஷியாவிடம் பாருங்கள். 2018 உலகக் கோப்பையில் தோற்றால் வெளியேறும் நாக்அவுட் சுற்றில் டென்மார்க் முதல் நிமிடத்திலேயே அடித்தது, ரஷ்யா முதலில் அடித்தது, அரையிறுதியில் இங்கிலாந்தும் ட்ரிப்பியர் ஃப்ரீ கிக்கில் முதலில் அடித்தது. மூன்றையும் தாண்டி இறுதிக்குப் போனார்கள். மூன்றுமே 120 நிமிட ஆட்டம். டென்மார்க் போட்டு மூன்றே நிமிடத்தில் மாண்ட்சுகிச் திருப்பிப் போட்டார். பதற்றமே இல்லை. அது மனவலிமை.

கீழக்கரை_காக்கா:
மாஸ்டர், டென்மார்க்கையும் ரஷ்யாவையும் குரோஷியா ஜெயித்தது எதில்? பெனால்டியில். அவர்கள் செய்தால் மனவலிமை, குர்பிரீத் தடுத்தால் டிராவா? பாம்பன் தம்பி இதற்குப் பதில் சொல்லட்டும்.

பாம்பன்_வாடை:
இங்கிலாந்தைக் கூடுதல் நேரத்தில் கோல் போட்டுத்தானே ஜெயித்தார்கள்? அதுதான் நான் கேட்கிற வகை.

மண்டபம்_மாஸ்டர்:
காக்கா கேட்பது நியாயம்தான், அதற்காக என் பேச்சு மாறாது. சரி, பெனால்டியே வேண்டாம். 2022இல் ஜப்பான் 1-0 என்று பின்தங்கி ஜெர்மனியை 2-1 ஜெயித்தது. அந்த இரண்டு கோலையும் போட்ட தோவானும் அசானோவும் மாற்றாக இறங்கியவர்கள். அதே தொடரில் ஸ்பெயினையும் அதே மாதிரி பின்தங்கி 2-1. அங்கேயும் சமன் செய்தது மாற்றாக இறங்கிய தோவான். யூரோ 2024 அரையிறுதியில் நெதர்லாந்து முதலில் அடித்தும், கேனை வெளியே எடுத்து வாட்கின்ஸை இறக்கினார் இங்கிலாந்துப் பயிற்சியாளர் சவுத்கேட். கடைசி நேரத்தில் அந்த வாட்கின்ஸ்தான் முடித்தார். ஆட்டத்தைத் திருப்புவது பெஞ்சில் இருக்கும் மாற்று ஆட்டக்காரர்கள். சேத்ரி ஓய்வு அறிவித்த பிறகு 2025இல் அவரையே திரும்ப அழைத்துவர வேண்டியிருந்த நாடு நாம். பின்தங்கினால் யாரை இறக்குவது?

தொண்டி_லெஃப்ட்பேக்:
அதே ஜப்பான் 2018இல் பெல்ஜியத்திடம் 2-0 முன்னிலையில் இருந்து 3-2 தோற்றதையும் சொல்லுங்கள் மாஸ்டர். பெல்ஜியத்தின் இரண்டாவது, மூன்றாவது கோல் போட்ட ஃபெல்லைனி, சாட்லி இருவரும் பெஞ்சிலிருந்து வந்தவர்கள். முன்னிலையைக் காப்பாற்றவும் ஆள் வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

தங்கச்சிமடம்_9:
நாளைக்குச் சனிக்கிழமை, தொழிலுக்குப் போகிறோம். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கும் வரிசையில் நின்றுகொண்டு தட்டுகிறேன். கரை திரும்பியதும் மிச்சம் பேசுவோம். மாப்ள, அதற்குள் அந்த 2016 ஆட்டத்தைச் சொந்த மண் என்று தள்ளிவிடாதே. டாக்காவில் வங்கதேசம் ஜெயித்ததும் சொந்த மண்ணில்தான்.