கார்பன் தகடு ஷூ செத்துவிட்டதா? மாரத்தானுக்கு 11 நாள்தான் இருக்கிறது, அவசரம்

விடியல்ஓட்டம்
மாரத்தானுக்கு இன்னும் 11 நாள். அடியில் கார்பன் இழைத் தகடு வைத்த என் ஓட்ட ஷூ செத்துப்போனது போல் இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வோர் அடிக்கும் காலைத் தூக்கிக் கொடுக்கும். இப்போது பலகைமேல் ஓடுவது போல் இருக்கிறது. கூடவே இடது ஷூவில் டக் டக் என்று ஒரு சத்தம். கெண்டைக்கால் இரண்டும் வலிக்கின்றன. இதிலேயே ஓடலாமா, புதிது வாங்க வேண்டுமா? வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

மெதுவோடி
எந்த ஷூ? இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? என்ன வேகத்தில் ஓடுகிறீர்கள்? இது எதுவும் தெரியாமல் என்ன சொல்வது?

நுரைப்பித்தன்
சத்தத்தை விடுங்கள், போனது ஃபோம், அதாவது அடியில் இருக்கும் மெத்தை நுரை. எல்லோரும் கார்பன், கார்பன் என்கிறார்கள்; உங்களைத் தூக்கிக் கொடுத்தது பீபா (PEBA) என்ற ரக ஃபோம். அமுக்கினால் தந்த ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும், எடையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு மிதியிலும் அதன் நுண்ணறைகள் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்குகின்றன. ஓர் ஆய்வில் பீபா ஷூவையும் சாதாரண ஈவிஏ (EVA) ஃபோம் ஷூவையும் தலா 450 கி.மீ. தேய்த்துவிட்டு அளந்தார்கள். புதிதாக இருந்தபோது பீபா முந்தியது. தேய்ந்த பிறகு இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. புதிது வாங்குங்கள்.

தகட்டுத்தாசன்
டக் டக் சத்தம் என்கிறார், அதை விடுங்கள் என்கிறீர்களே! ஃபோம் சத்தம் போடுமா? தகடு விரிசல் விட்டிருக்கிறது, அல்லது ஃபோமிலிருந்து பசை விட்டுப் பிரிந்திருக்கிறது. ஷூவின் முனையைத் தரையில் ஊன்றிக் குதிப் பகுதியைக் கீழே அழுத்திப் பாருங்கள். இரண்டு ஷூவும் ஒரே அளவு முரண்டுபிடித்தால் தகடு நன்றாக இருக்கிறது. இடது மட்டும் எளிதாக மடங்கினால் தகடு போயிற்று.

பழையஓடி (6,200 பதிவுகள்)
தம்பி, இதே கேள்விக்கு நான் எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பொறுமை இல்லாதவருக்கு 42 கிலோமீட்டர் ஓடப் பொறுமை எங்கிருந்து வரும்? கெண்டைக்கால் வலிக்கிறது என்றால் முதலில் காலைப் பாருங்கள், பிறகு ஷூவைப் பாருங்கள். எங்கள் காலத்தில் மெல்லிய ரப்பர் அடியை வைத்துக்கொண்டே மூன்று மணி நேரத்துக்குள் முடித்தோம்.

மெதுவோடி
ஐயா, அறிவுரை சரி. கேட்ட கேள்விக்கு அதில் விடை எங்கே இருக்கிறது?

எலும்புமருந்து
நான் இயன்முறை மருத்துவர். வலி கெண்டைக்காலில் மட்டுமா, பாதத்தின் மேல்பக்கம் நடுவிலும் இருக்கிறதா? கணுக்காலுக்குச் சற்று முன்னால், உள்பக்கமாக விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே ஒரே புள்ளியில் சுரீர் என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். கார்பன் ஷூ அணிந்த ஐந்து பேருக்கு பாதத்தின் நடுவே உள்பக்கம் இருக்கும் நேவிகுலர் எலும்பில் தொடர் அழுத்தத்தால் காயம் ஏற்பட்டதாக 2023-ல் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. ஐந்து பேரை வைத்து ஷூதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆற நாளாகும், அதனால்தான் கேட்கிறேன்.

வெப்பமானி
ஷூவை எங்கே வைக்கிறீர்கள்? காரின் பின்பெட்டியிலா? மூடிய காரில் ஏறும் சூட்டில் பசை இளகும், ஃபோம் தளரும். நான் பார்த்த "செத்த" ஷூக்களில் பாதி வெயிலில் வெந்தவை.

நுரைப்பித்தன்
@தகட்டுத்தாசன், தகட்டுக்கு அவ்வளவு மகிமை கொடுக்காதீர்கள். ஆற்றல் செலவை 4 சதவீதம் குறைக்கும் என்று பேர் வாங்கிய நைக்கி ஷூவின் தகட்டையே முன்பாதப் பகுதியில் குறுக்காக அறுத்துவிட்டு ஓடவைத்துப் பார்த்தார்கள். ஆற்றல் செலவு தெளிவாக மாறவில்லை. தகட்டை ஸ்பிரிங் என்று நினைப்பது விளம்பரம் செய்த வேலை.

தகட்டுத்தாசன்
அறுத்தது முன்பகுதியில் மட்டும். தகட்டின் வளைவும் விறைப்பும் மற்ற இடத்தில் அப்படியே இருந்தன. அவ்வளவு உயரமான, வெண்ணெய் போன்ற ஃபோமில் தகடே இல்லாமல் நின்று பாருங்கள், கணுக்கால் நாட்டியம் ஆடும். ஃபோமுக்கு முதுகெலும்பு தகடு.

நுரைப்பித்தன்
முதுகெலும்பு என்றால் சரி. "இயந்திரம்" என்றால்தான் சண்டை.

வெறுங்கால்
இரண்டுமே ஏமாற்று. அபேபே பிகிலா 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு 2:15:16-ல் வென்றார். இப்போது ஷூ ஓடுகிறது, மனிதர் அதன்மேல் ஏறிப் போகிறார்.

மெதுவோடி
அதே பிகிலா 1964-ல் டோக்கியோவில் ஷூ அணிந்து 2:12:11-ல் வென்றார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெறுங்கால்
அது ஷூ. இது மெத்தை.

பழையஓடி
மெத்தைக்கும் அளவு வைத்தாயிற்று. 2020 ஜனவரியில் உலகத் தடகள அமைப்பு சாலை ஓட்டத்துக்கு 40 மி.மீ. உயரம், ஒரே ஒரு தகடு என்று வரம்பு விதித்தது. இது தெரியாமல் ஏமாற்று என்று பேசுவது சிறுபிள்ளைத்தனம்.

வெறுங்கால்
வரம்பு விதிக்க வேண்டி வந்ததே, அதைத்தான் நானும் சொல்கிறேன்.

(இப்படியே பதினான்கு பதிவுகள் போயின. அவற்றைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே ஷூவைப் பற்றி மட்டும் பேசுங்கள். – நெறியாளர்)

விடியல்ஓட்டம்
மன்னிக்கவும், இப்போதுதான் வந்தேன். முதலில், நான் தம்பி அல்ல, தங்கை. ஷூவின் பெயரைச் சொன்னால் இங்கே இன்னொரு சண்டை வரும், வேண்டாம். பீபா ஃபோம், முழுநீளத் தகடு. கிலோமீட்டருக்கு 5:30 வேகம். 390 கி.மீ. ஓடியிருக்கிறது. பந்தய நாளில் கால் பழகியிருக்க வேண்டும் என்று நான்கு மாதமாக எல்லா ஓட்டத்துக்கும் இதையேதான் அணிகிறேன். வேலைக்கு நடந்து போவதும் இதில்தான். அது கணக்கில் வராது இல்லையா? பாதத்தின் மேல் வலி இல்லை. ஷூ வீட்டு வாசலில்தான் கிடக்கும், காரில் அல்ல.

மெதுவோடி
நடப்பது கணக்கில் வராதா!

நுரைப்பித்தன்
தங்கையே, ஃபோமுக்கு நடையும் மிதிதான். உங்கள் 390 உண்மையில் 600-ஐத் தொட்டிருக்கும். இவை அன்றாடம் அணிய வேண்டியவையே அல்ல. 138 கிராம் எடையில் அடிடாஸ் ஒரு ஷூ கொண்டுவந்தது. 2023-ல் பெர்லினில் டிக்ஸ்ட் அசெஃபா அதை அணிந்துதான் 2:11:53-ல் பெண்கள் மாரத்தான் உலக சாதனை படைத்தார். ஒரு மாரத்தானுக்கும் அதற்கு முன் காலைப் பழக்கிக்கொள்ளவும்தான் அது என்று தயாரித்தவர்களே சொன்னார்கள். எல்லா கார்பன் ஷூவும் அவ்வளவு மென்மை அல்ல. ஆனாலும் அந்தக் குடும்பம்தான்.

மெதுவோடி
வேகத்தையும் பார்க்க வேண்டும். 2017-ல் வந்த 4 சதவீதக் கணக்கு மணிக்கு 14 முதல் 18 கி.மீ. வேகத்தில் தேர்ந்த ஓட்டக்காரர்களை வைத்து அளந்தது. 5:30 என்றால் மணிக்கு 11 கி.மீ.க்குக் கீழே. இந்த வேகத்தில் ஆதாயம் மிகவும் குறைவு என்று பிறகு வந்த அளவீடுகள் சொல்கின்றன, ஆளுக்கு ஆளும் மாறுகிறது. ஷூ செத்ததால் நீங்கள் இழப்பது நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. கெண்டைக்கால் வலிதான் எனக்குக் கவலை. ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஏதாவது ஒன்று உள்பக்கம் சாய்ந்து நிற்கிறதா?

தகட்டுத்தாசன்
டக் டக் சத்தத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வெப்பமானி
வாசலில் வெயில் விழுமா?

விடியல்ஓட்டம்
முனையை ஊன்றி அழுத்திப் பார்த்தேன், இரண்டும் ஒரே மாதிரி முரண்டுபிடிக்கின்றன. மேசைமேல் வைத்தால் இடது ஷூ உள்பக்கம் கொஞ்சம் சாய்கிறது. பக்கவாட்டு ஃபோமில் குதிக்கு மேலே நான்கு மடிப்புகள், கிழவியின் கழுத்துபோல, வலதில் ஒன்றுதான். பிறகு திருப்பிப் பார்த்தேன். அடியில் நடுவே தகடு தெரிகிற மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறதே, அதற்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு கூழாங்கல் மாட்டியிருந்தது. ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்தேன். சத்தம் நின்றுவிட்டது.

தகட்டுத்தாசன்
கல் தகட்டில்தான் மோதியது. ஆகவே சத்தம் தகட்டிலிருந்துதான் வந்தது.

நுரைப்பித்தன்
😀

எலும்புமருந்து
அந்தச் சாய்வோடு 42 கி.மீ. வேண்டாம். தினசரி ஓட்டத்தை இன்றே சாதாரணப் பயிற்சி ஷூவுக்கு மாற்றுங்கள், இரண்டு நாள் ஓய்வெடுங்கள். வலி போய்விட்டால் அதே பயிற்சி ஷூவிலேயே பந்தயத்தையும் ஓடலாம். புதிய கார்பன் ஷூதான் என்றால் இப்போதே வாங்கி, அதில் ஒரு 8 கி.மீ.யும் பந்தய வேகத்தில் ஒரு 12 கி.மீ.யும் ஓடிவிடுங்கள். பந்தயக் காலையில் பெட்டியைப் பிரிக்காதீர்கள்.

பழையஓடி
ஆரம்பத்திலேயே நான் சொன்னேன், காலைப் பாருங்கள் என்று.

மெதுவோடி
சொன்னீர்கள் ஐயா. தம்பியிடம் சொன்னீர்கள்.

விடியல்ஓட்டம்
எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை முடிவு செய்கிறேன்.

வெப்பமானி (ஒன்பது நாள் கழித்து)
தங்கையே, வாசலில் வெயில் விழுமா என்று கேட்டிருந்தேன்.

விடியல்ஓட்டம் (மேலும் மூன்று நாள் கழித்து)
முடித்துவிட்டேன்! 3 மணி 54 நிமிடம். கெண்டைக்கால் கடைசிவரை முணுமுணுக்கக்கூட இல்லை. மறுபடியும் நன்றி.

மெதுவோடி
வாழ்த்துகள்! எந்த ஷூவில் ஓடினீர்கள்?

நுரைப்பித்தன்
ஆமாம், எந்த ஷூ?

தகட்டுத்தாசன்
?