மீள்வெண்: ஓதத்துக்கும் வி.எச்.எஃப். செட்டுக்கும் ஒரே சொல் வேண்டும்

அன்புள்ள குழுமத்தினருக்கு,

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். விசைப்படகில் போகும் இளைஞர்களுக்காகச் சிறு கையேடு ஒன்று தயாரிக்கிறேன். அதில் ஒரு பக்கம் மாற்று அட்டவணை. வி.எச்.எஃப். செட் (படகின் வானொலிக் கருவி), எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி), எஞ்சின், அலை, ஓதம் (கடலின் ஏற்றமும் வற்றமும்) எல்லாவற்றையும் ஹெர்ட்ஸ் கணக்கில், அதாவது நொடிக்கு எத்தனை முறை என்று, ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். கணக்கு முடிந்துவிட்டது, தலைப்புச் சொல்தான் இடிக்கிறது.

பாடநூலில் உள்ள 'அதிர்வெண்' என்பதையே போட்டு, எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகள் கடலுக்குப் போன பெரியவரிடம் காட்டினேன். 'ஏற்றத்தின் அதிர்வெண்' என்ற வரியில் விரலை வைத்தார். "தண்ணீர் ஏறும், வற்றும். அது எங்கே தம்பி அதிர்கிறது? எஞ்சின் போல்ட் கழன்றால் அல்லவா அதிரும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அட்டவணையைப் பாருங்கள். வி.எச்.எஃப். செட்டின் 16ஆம் சேனல் 156.8 மெகா ஹெர்ட்ஸ். மெகா என்றால் பத்து லட்சம். ஆக நொடிக்கு 15 கோடியே 68 லட்சம் முறை. எக்கோ சவுண்டரில் வழக்கமாக 50, 200 கிலோ ஹெர்ட்ஸ். எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால், 60ஆல் வகுக்க 25 ஹெர்ட்ஸ். பத்து நொடிக்கு ஒன்றாக வரும் அலை 0.1 ஹெர்ட்ஸ். இதுவரை தொல்லை இல்லை.

ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம், அதாவது 44,700 நொடி. 1ஐ அதனால் வகுத்தால் 0.0000224 ஹெர்ட்ஸ், 22.4 மைக்ரோ ஹெர்ட்ஸ் (மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). நான் முதலில் ஒரு சுழியத்தை விழுங்கிவிட்டு 224 என்று எழுதி, ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தேன். நாளுக்கு 19 முறை ஏறி வற்றும் கடல்! இப்போது வேறு வழியில் சரிபார்க்கிறேன்: நாளுக்கு 86,400 நொடி, எனவே நாளுக்கு ஒருமுறை என்பது 11.57 மைக்ரோ ஹெர்ட்ஸ். நாளுக்கு எத்தனை முறை என்று தெரிந்தால் அதை 11.57ஆல் பெருக்கிவிடலாம். ஏற்றம் நாளுக்கு 1.933 முறை, பெருக்கினால் அதே 22.4. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வரும் பெரிய ஏற்றம் 14.77 நாளுக்கு ஒருமுறை என்பதால் அது 784 நானோ ஹெர்ட்ஸாகச் சுருங்குகிறது (நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு).

16ஆம் சேனலின் எண் ஓதத்தின் எண்ணைப் போல் ஏழு லட்சம் கோடி மடங்கு. இந்த இரண்டு முனைக்கும் பொருந்துகிற சொல்தான் தேவை.

நம் குழுமத்தின் மதுரை ஐயா முன்பு சொன்ன 'நிகழ்வெண்' புள்ளியியலில் வெறும் எண்ணிக்கை. அதில் காலம் கிடையாது. வலையில் எத்தனை சாளை, எத்தனை நகரை என்று எண்ணினாலே நிகழ்வெண் வந்துவிடும். 'அலைவெண்' அழகுதான், ஆனால் பக்கத்திலேயே 'அலை எண்' வேறு பொருளில் (ஓரலகு நீளத்தில் எத்தனை அலை என்று) நிற்கிறது. ஒரு வகர ஒற்றை நம்பி அச்சுக்கோக்க எனக்குத் துணிவில்லை.

எனக்குப் பிடித்தது இலங்கைப் பாடநூல்களின் 'மீடிறன்'. மீள், திறன் இரண்டும் புணர்ந்த சொல். இங்கே சிக்கல் பின்பாதியில்: நம் மாணவருக்குத் திறன் என்றால் வாட் கணக்கில் அளப்பது. ஆகவே முன்பாதியை மட்டும் கடன் வாங்கி, மீள்வு + எண் = 'மீள்வெண்' என்று முன்மொழிகிறேன்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து மறுமொழி:

எங்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை, ஐயா. வாட் கணக்கை நாங்கள் 'வலு' என்போம். ஆனாலும் உங்கள் சொல்லை எதிர்க்கவில்லை. ஒரு கேள்வி மட்டும்: இழுத்துவிட்ட சுருள்வில் பழைய நிலைக்கு வருவதையும் 'மீள்தன்மை' என்கிறோமே, மாணவர் அந்தப் பக்கம் போய்விட மாட்டாரா?

*

பாம்பனிலிருந்து:

போகட்டும் அம்மா, அந்த வில்லும் திரும்பத் திரும்ப மீள்வதுதானே! இன்னொரு காரணமும் உண்டு. ஹெர்ட்ஸ், பெக்கரல் இரண்டுமே 'நொடிக்கு ஒன்று'தான். ஆனால் ஒழுங்காகத் திரும்பி வருவதற்கு மட்டுமே ஹெர்ட்ஸ். எப்போது நிகழும் என்று சொல்ல முடியாத கதிரியக்கச் சிதைவுக்குப் பெக்கரல். அந்த வேறுபாட்டை 'மீள்' காட்டிவிடுகிறது, 'நிகழ்' காட்டாது.

மெகா, மைக்ரோவையும் தமிழாக்கலாம் என்று மதுரை ஐயா தனிமடலில் கேட்டிருந்தார். வேண்டாம் ஐயா. செட்டின் முகப்பில் இருப்பதையும் கையேட்டில் இருப்பதையும் நடுக்கடலில் ஒப்பிட வேண்டியவன் பாவம்.

இப்போதைக்கு 'மீள்வெண் (அதிர்வெண்)' என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். பெரியவரிடம் மீண்டும் காட்டினேன். "ஏற்றம் மீளும், சரி" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரு நாளில் இரண்டு ஏற்றம் என்று எழுதினால் எல்லாருக்கும் புரியுமே, அதற்கு எதற்கு 22.4?" என்று கேட்டார். அவர் சொன்ன அந்த வரியையும் கையேட்டில் சேர்த்துக்கொண்டேன்.