சீலைப்பேனா, உடற்பேனா?

அனைவருக்கும் வணக்கம். அகதிகள் நலச் சிறப்பிதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2015இல் எரித்திரியா, சோமாலியாவிலிருந்து லிபியா வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்த சிலருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சில நாள் அடிக்கும், விட்டுவிடும், ஒரு வாரம் கழித்துத் திரும்பும். கட்டுரையில் ‘பேன்கடி மீள்காய்ச்சல்’ என்று இருக்கிறது. சரிதானா?

———

‘கடி’ வேண்டாம் ஐயா. இது கடியால் தொற்றுவதில்லை. சொறியும்போது பேன் நசுங்கி, அதற்குள் இருக்கும் போரெலியா கிருமி கீறல் வழியே உள்ளே இறங்குகிறது. ‘பேன்வழி’ என்றால் போதும்.

தலைப்பேனும் இல்லை இது. துணியின் தையல் மடிப்பில் குடியிருந்து, அங்கேயே ஈர் வைத்து, இரத்தம் குடிக்க மட்டும் உடம்புக்கு வருவது. நம்மிடம் பெயர் இருக்கிறதே, சீலைப்பேன்! பொருநராற்றுப்படையில் ‘ஈரும் பேனும் இருந்திறை கூடி’ என்ற இடத்தைப் பாருங்கள். வியர்வையில் நனைந்து, வேற்று இழை நுழைந்த ‘துன்னற் சிதாஅர்’, அதாவது தைத்த கந்தல். ஊர் ஊராக நடந்த பொருநனின் கந்தலில் இருந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கரிகாலன் அதைக் களைந்து புதுத்துணி கொடுத்தான். இன்றைக்கும் மாற்றுத்துணியும் வெந்நீரும் கிடைத்தால் இந்தப் பேன் நிற்காது.

———

யாழ்ப்பாணத்தில் சீலை என்றால் பெண்கள் உடுப்பதுதான். இருபது வயதுப் பெடியனுக்குச் சீலைப்பேன் என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு என்ன விளங்கும்? உடற்பேன் என்று போடுங்கோ.

———

சீலை பொதுவாகத் துணியே அம்மா. மரவுரிக்குச் சீரை என்று பெயர். பந்தர் பந்தல் ஆனதுபோலச் சீரை சீலை ஆயிற்று என்பது என் கருத்து. சித்த மருத்துவர் மருந்துக் கலத்தின் வாயை மண் பூசிய துணியால் மூடுவதைச் சீலைமண் என்கிறார்கள், அது புடவையிலா?

———

வேரை அப்புறம் தோண்டலாம். பெட்டிச்செய்தியில் பேனை ‘நோய்க்கடத்தி’ (நோயைச் சுமந்து பரப்பும் உயிரி, vector) என்று போட்டிருக்கிறீர்கள். ஆள்கடத்துகிறவர்களிடம் சிக்கி, மாற்றுத்துணி இல்லாமல் அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றிய கட்டுரை இது. அதில் இந்தச் சொல் வந்தால் பழி அந்த மனிதர்கள் மேலேயே விழும். இலங்கை வழக்கான ‘நோய்க்காவி’ நல்லது. 1997இல் புருண்டி முகாம்களில் டைபஸ் பரவியதும் இதே பேனால்தான். நெரிசலும் குளிரும் தண்ணீர் இல்லாமையும்தான் அங்கே காரணம்.

———

இலங்கைக் கணிதப் பாடத்தில் காவி என்றால் திசையன் (அங்கும் vector) ஆயிற்றே?

———

‘நோய்’ முன்னால் நிற்கிறது, குழப்பம் வராது. சரி, நேரமில்லை. ‘சீலைப்பேன்வழி மீள்காய்ச்சல்’ என்றே போகிறது. முதல் இடத்தில் ‘துணித்தையலில் வாழும் பேன்’ என்று விளக்கம் சேர்க்கிறேன்.

———

எங்கட பயிற்சிக் கையேட்டில் உடற்பேன் என்றுதான் வரும். நோய்க்காவிக்கு நன்றி.