பட்டறைத் தட்டில் சும்மா கிடந்த 7075 அலுமினியத் தாங்கியில் வெடிப்பு விழுந்துவிட்டது, காரணம் என்ன?

குருநகர் லேத்:
அண்ணைமார், அவசரமாக ஒரு உதவி வேணும். படகு எஞ்சினுக்கு ஐந்து தாங்கிகள் கடைந்து கொடுத்தேன். 7075-டி6 அலுமினியம் (டி6 என்றால் உச்சப் பலத்துக்குச் சூட்டில் பதப்படுத்தியது), 50 மி.மீ. தகட்டின் மிச்சத் துண்டுகள். 25 மி.மீ. துளையில், அதைவிட 0.05 மி.மீ. பெரிய ஸ்டெயின்லெஸ் புஷ்ஷை (குழாய் வளையத்தை) பிரஸ் வைத்து இறுக்கி ஏற்றினேன். ஆவணியில் வேலை முடிந்தது. கார்த்திகை மாரி தொடங்கியதும் இரண்டு வெடித்துவிட்டன. ஒன்று படகில் இருந்தது, உப்புத்தண்ணி என்று சொல்லலாம். மற்றது கடலையே காணவில்லை, யன்னலோரத் தட்டில் கிடந்தது. துளை விளிம்பிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கோடு. தட்டிப் பிளந்தால் உலோகம் இழுபட்ட அடையாளமே இல்லை. மங்கிய சாம்பல் முகம், விறகைச் சிராய் வழியே பிளந்தது போல அடுக்கடுக்காக இருக்கிறது. மிச்சம் மூன்றும் இப்போதும் கடலுக்குப் போய் வருகின்றன. எனக்கு நித்திரை இல்லை.

சுன்னாகம் வெல்டிங்:
புஷ் இறுக்கம் கூடிவிட்டது. ஆனால் 7075 கிட்டத்தட்ட 570 மெகாபாஸ்கல் தாங்கும் உலோகம், இதற்கெல்லாம் வெடிக்காதே. தகடு போலியோ?

உலோகவியல் படித்தவன்:
தகடு நல்ல தகடுதான் தம்பி, உங்கள் கடைசலிலும் பிழையில்லை. இது ஐதரசன் செய்த வேலை.

அலுமினியத்தை ஒட்சைட்டுப் படலம் மூடிக் காக்கிறது. இழுபட்ட இடத்தில் அந்தப் படலம் கிழிந்தால் புது உலோகம் காற்றின் ஈரத்தைச் சந்திக்கும். அலுமினியம் தண்ணீரிலிருந்து ஒட்சிசனைப் பறித்துக்கொள்ளும், ஐதரசன் அணு தனித்து நிற்கும். அதில் கொஞ்சம் உள்ளே புகுந்து, உலோகத்தைக் கட்டியிருக்கும் படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் சேரும். அங்கே பிடிப்புத் தளரும், வெடிப்பு கொஞ்சம் முன்னே நகரும், திரும்பவும் புது உலோகம், திரும்பவும் ஈரம். உப்பு இதை வேகப்படுத்தும், ஆனால் மாரிக் காற்றின் ஈரமே போதும். அதனால்தான் தட்டில் கிடந்ததும் போனது.

570 என்பது உருட்டிய திசைக்குரிய கணக்கு. தகட்டின் தடிப்புத் திசையில் தொடர்ந்து இழுத்தபடி வைத்தால், டி6 சுமார் 50 மெகாபாஸ்கலிலேயே இப்படி வெடிக்கத் தொடங்கலாம். உங்கள் புஷ் ஓய்வே இல்லாமல் அதற்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொன்ன அந்த அடுக்கு, உருட்டும்போது தட்டையாகிப்போன மணிகளின் எல்லைதான்.

7075 இல் நாகமும் (சிங்க்) மக்னீசியமும் செம்பும் சேர்ந்து கொடுக்கும் பலத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது. 2022 இல் டுசல்டோர்ஃபில் உள்ள மக்ஸ் பிளாங்க் இரும்பு ஆய்வு நிறுவனத்தார் இந்த வகைக் கலப்புலோகத்தில் ஐதரசன் எங்கே இருக்கிறது என்று அணு அளவில் பார்த்தார்கள். மணி எல்லையிலும் இருந்தது, சில நுண்துணிக்கைகளுக்குள்ளும் இருந்தது. துணிக்கைக்குள் அடைபட்டது பெரிய கேடு செய்யாது. எல்லையில் மக்னீசியத்தோடு கூடி நிற்பதுதான் உலோகத்தைப் பிரிக்கிறது.

குருநகர் லேத்:
முலாம் பூசிய உருக்குப் போல்ட்டை அவணில் சூடாக்கி ஐதரசனை வெளியேற்றுவார்களே. இதையும் அப்படிச் செய்யலாமா?

உலோகவியல் படித்தவன்:
வேண்டாம். உருக்குக்கு வைக்கும் 200 பாகையில் டி6 மெத்துப்போய்விடும். ஐதரசனை விரட்டினாலும் வெடிப்பு முனை ஈரத்திலிருந்து புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். பெயின்ற் அடித்தால் தாமதிக்கும், அவ்வளவுதான்.

7075 தான் வேணுமென்றால் டி73 கேட்டு வாங்குங்கள். அதிக நேரம் சூட்டில் வைத்துப் பதப்படுத்தியது, பலம் பத்து, பதினைந்து வீதம் குறையும், இந்த வெடிப்பை நன்றாகத் தாங்கும். ஆனால் படகுத் தாங்கிக்கு நான் 6082 என்ற வேறு அலுமினியக் கலப்புலோகம்தான் போடுவேன். பலம் 310 மெகாபாஸ்கல் அளவில்தான், தடிப்பைக் கூட்டினால் சரி. இந்த நோய் அதற்கு வருவது அரிது. புஷ்ஷை இறுக்கி ஏற்றாமல் தளர்வாகப் போட்டுப் பசையால் பிடியுங்கள்.

அந்த மூன்றையும் இன்றைக்கே கழற்றுங்கள். கண்ணுக்குக் கோடு தெரியாவிட்டாலும் நம்ப வேண்டாம்.

குருநகர் லேத்:
மிச்சத் துண்டில் ஆலை முத்திரை இருந்த பக்கத்தை வைத்துத் திசை பார்த்தேன். அண்ணை சொன்னது சரி, ஐந்தையும் தடிப்புக்குக் குறுக்கே துளைத்திருக்கிறேன், அதனால் புஷ் தடிப்புத் திசையிலும் இழுத்திருக்கிறது. இரண்டு தாங்கி கழற்றியாச்சு. ஒன்றில், புஷ்ஷுக்குப் பக்கத்தில், மண்ணெண்ணெய் பூசித் துடைத்து சோக்குத் தூள் தூவினேன். அரை அங்குலக் கோடு ஈரமாக எழும்பி வந்தது. மூன்றாவது படகு விடியக் கரைக்கு வரும், கரையில் நிற்கிறேன்.