சூதாட்டத்துக்கு எதிராக ஜெபக்கூட்டம் போட்டால் மட்டும் போதுமா? (சிங்கப்பூர்)

செங்காங் அக்கா கேட்கிறார்:

வணக்கம். இங்கே ஒரு தமிழ்ச் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் இருக்கிறேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்களுக்கு உபவாச ஜெபம் உண்டு. போன கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து, "எங்க வீட்டுக்காரருக்கு வேலை நிலைக்கணும், ஜெபியுங்க" என்றார். வேலையில் ஒரு குறையும் இல்லை என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சம்பளம் வந்த இரவே அது சூதாட்டக்கூடத்துக்குப் போய்விடுகிறது. அவர்கள் வீட்டுக் கம்பிக்கதவில் அலோங் (கந்துவட்டிக்காரர்) ஆட்கள் சிவப்பு பெயின்ட் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரி வரைக்கும் தெறித்திருந்தது. கேட்டால், "யாரோ பசங்க விளையாட்டு" என்கிறார்.

அதனால் அடுத்த மாத ஜெபத்துக்குச் சூதாட்டத்தையே பொருளாக எடுக்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். ஒரு மூப்பர், "அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்த தொழில், சபைக்குள் அரசியல் வேண்டாம்" என்றார். பொருளாளரோ, "அப்போ நம்ம குடும்ப விழா லக்கி டிரா?" என்று கேட்டுச் சிரித்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக ஃபோர் டி (நாலு இலக்க லாட்டரி) கடைக்குப் போகிற ஓர் ஆன்ட்டி மட்டும் வாயே திறக்கவில்லை.

2005-ல் சூதாட்டக்கூடம் வருவதைச் சமயக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து எதிர்த்தார்கள் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் ஏதாவது நடந்ததா? இப்போது நாங்கள் சட்டத்துக்கு உட்பட்டு என்ன செய்யலாம்? அந்தச் சகோதரிக்கு இந்த வாரமே ஏதாவது செய்ய வழி இருக்கிறதா?

பொத்தோங் பாசிர் பழசு:

தங்கச்சி, நான் கோயிலுக்குப் போகிறவன், உங்கள் சபை ஆள் இல்லை. ஆனால் குடும்பச் சேவை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் பழைய கதை. 2004-ல் சூதாட்டக்கூடப் பேச்சு நாடாளுமன்றத்தில் கிளம்பியதும் தேசிய தேவாலய மன்றம் வெளிப்படையாகவே வேண்டாம் என்றது. முஸ்லிம் அமைப்புகளும் அதையே சொன்னன. சமயம் பார்க்காமல் குடும்பஸ்தர்கள் சேர்ந்து இணையத்தில் மனு போட்டு ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். இந்த ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை. 2005 ஏப்ரல் 18-ல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், கட்டத்தான் போகிறோம் என்று அறிவித்துவிட்டார். அமைச்சரவைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்ததை அவர் மறைக்கவில்லை. முதல் பிரதமரான லீ குவான் இயூவே நெடுங்காலம் இதற்கு எதிரானவர். அவருடைய அப்பா சூதாடித் தோற்றுவிட்டு வந்து, அடகு வைக்க அம்மாவின் நகையைக் கேட்டுச் சண்டை போடுவாராம். அதைப் பார்த்து வளர்ந்த மனிதரே கடைசியில் சரி என்றார் என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல.

ஆனால் எதிர்ப்பு வீண் போகவில்லை. அதே 2005-ல் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் வந்தது, மறு ஆண்டு சூதாட்டக்கூடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2010-ல் செந்தோசாவிலும் மரினா பேயிலும் கதவு திறந்தபோது, குடிமகனும் நிரந்தரவாசியும் உள்ளே போக ஒரு நாளைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வருடத்துக்கு 2,000 வெள்ளி கட்ட வேண்டும் என்று விதி இருந்தது. 2019-ல் அது 150, 3,000 ஆனது. அந்தச் சத்தம் போடாமல் இருந்திருந்தால் இவ்வளவு கெடுபிடி வந்திருக்காது என்பது என் கணிப்பு. வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) பேட்டைகளிலிருந்து சூதாட்டக்கூடத்துக்கு இலவச பஸ் விட ஆரம்பித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஆட்சேபம் கிளம்பியதும் 2010-லேயே அரசாங்கம் நிறுத்தச் சொன்னது.

இனி அந்தச் சகோதரி விஷயம். ஜெபம் அதுபாட்டுக்கு நடக்கட்டும். குடும்பத்தார் தடை உத்தரவு என்று ஒன்று இருக்கிறது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, கூடப்பிறந்தவர் என்று யார் வேண்டுமானாலும் அந்தச் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தில் விண்ணப்பிக்கலாம். வக்கீல் எல்லாம் தேவையில்லை. மதிப்பீட்டாளர்கள் முன்னால் விசாரணை நடக்கும், கணவரையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவசரம் என்றால் விசாரணைக்கு முன்பே தற்காலிக உத்தரவு கிடைக்க வாய்ப்புண்டு. உத்தரவு வந்த பிறகு அவர் உள்ளே நுழைந்தால் குற்றம். ஜெயித்த பணமும் கைக்கு வராது.

பெண்கள் பின்வாங்குவது இந்த விசாரணைக்குப் பயந்துதான். "அவர் முன்னாலயே எப்படிங்க சொல்றது" என்பார்கள். ஓர் அம்மா வெறுங்கையோடு வந்து அரை மணி நேரம் அழுதார், பாதியில் எழுந்தும் போய்விட்டார். இன்னொருவர் பிஸ்கட் டின் ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுக் கொண்டுவந்தார்: ஏடிஎம் ரசீது, பள்ளிக்கட்டண நினைவூட்டல், அடகுக்கடைச் சீட்டு, மின்சார பில்லின் சிவப்புக் கடிதம். தேதிவாரியாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார். அவர் அதிகம் பேசவே இல்லை. ஒவ்வொரு கட்டாக மேசையில் வைத்தார், அவ்வளவுதான். கணவர் கடைசிக் கட்டைப் பார்த்துவிட்டு, "நானே கையெழுத்துப் போடறேன்" என்றார். தானாகத் தடை வாங்கிக்கொள்ளும் வழியும் இருக்கிறது, அதைச் சொன்னார்.

உங்கள் பெண்கள் ஐக்கியம் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அந்த டின்னை நிரப்ப உதவுவதுதான். பக்கத்தில் உட்கார்ந்து தேதி எழுதிக் கொடுங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடை சூதாட்டக்கூடத்துக்கும், கிளப்புகளில் இருக்கும் ஜாக்பாட் அறைக்கும், சிங்கப்பூர் பூல்ஸ் லாட்டரி நிறுவனத்தின் இணையக் கணக்குக்கும் செல்லும். கோப்பிக் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோர் டி கடையை அது தொடாது. புதன், சனி, ஞாயிறு குலுக்கல். திங்களும் வியாழனும் டோட்டோ லாட்டரி. விபத்தான காரின் நம்பர், செத்தவர் வீட்டு புளோக் நம்பர், கனவில் வந்த பாட்டியின் வயசு, எல்லாமே அங்கே சீட்டாகிவிடும். எங்கள் கோயிலிலும் அர்ச்சனை தட்டை நீட்டிக்கொண்டே மனசுக்குள் நாலு நம்பர் கேட்பவர்கள் உண்டு. சூதாட்டக்கூடத்தைத் திட்டுவது சுலபம், அது கடலோரத்தில் தூரத்தில் இருக்கிறது.

சூலியா தெரு:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு இதில் இரண்டு கருத்து இல்லை. குர்ஆன் மதுவையும் சூதையும் ஒரே வசனத்தில் விலக்குகிறது. தமிழில் குத்பா (வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்) நடக்கும் பள்ளிவாசல்களில் நானே பல முறை கேட்டிருக்கிறேன். ஆனால் ஹராம் என்று மேடையில் ஓங்கிச் சொன்னால், மாட்டிக்கொண்டவன் அடுத்த ஜும்ஆவுக்கு வேறு பள்ளிவாசல் போய்விடுவான். கடன் தீர்ந்த பிறகு வரலாம் என்று நினைப்பான், கடன் தீராது. குத்பாவை விட, தொழுகை முடிந்து செருப்பு மாட்டும்போது ஒரு பெரியவர் தோளில் கை போட்டு, "தம்பி, ஒரு டீ குடிக்கலாமா" என்று கேட்டது வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

பழசு அண்ணன் விட்டுவிட்ட ஒன்று: அந்த 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் எங்கே போகிறது? டோட் போர்டு என்ற அரசு வாரியத்துக்கு. சிங்கப்பூர் பூல்ஸும் அவர்களுடையதுதான். அங்கிருந்து நல்ல காரியங்களுக்கு மானியமாக வருகிறது. செங்காங் அக்கா, உங்கள் சபையின் முதியோர் நிகழ்ச்சிக்கோ டியூஷன் வகுப்புக்கோ அந்தப் பணம் வருகிறதா என்று பொருளாளரைக் கேளுங்கள். லக்கி டிராவைப் பற்றிச் சிரித்தாரே, இதற்குச் சிரிக்க மாட்டார்.

பொத்தோங் பாசிர் பழசு:

தம்பி சொல்வது சரிதான், ஆனால் இதில் நான் உடன்பட மாட்டேன். அந்தப் பணத்தில் நடக்கும் உதவி இல்லையென்றால் அடிபடப்போவதும் அதே சூதாடியின் பிள்ளைகள்தான். வாங்குங்கள், வாங்கிவிட்டு வாயை மூடாதீர்கள்.

ஞாயிறு வாலண்டியர்:

தொழிலாளர் விடுதிகளுக்குப் போகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இங்கே பேசுவதெல்லாம் குடிமக்களைப் பற்றி. ஒர்க் பர்மிட்டில் வந்த நம் ஊர்ப் பையனுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது, வெளிநாட்டவர் ஆயிற்றே. ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் தலைக்கு மேல் இருக்கும்போது, இலவசமாகத் திறக்கும் கதவு அது ஒன்றுதான். இப்போது பாதிக் கூட்டம் அங்கேயும் போவதில்லை, கட்டிலில் படுத்துக்கொண்டே போனில் கிரிக்கெட் பந்தயம். அது சட்டவிரோதம், பிடிபட்டால் பர்மிட் போய்விடும். அந்தப் பயத்தில் யாரிடமும் சொல்ல மாட்டான். மனைவி திருவாரூரிலோ புதுக்கோட்டையிலோ "இந்த மாசமும் கம்பெனி சம்பளம் போடலையா" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

வெளிநாட்டுத் தொழிலாளியும் தனக்குத் தானே சூதாட்டக்கூடத் தடை வாங்கலாம். நிறையப் பேர் வாங்கியும் இருக்கிறார்கள். நாங்கள் ஞாயிறு சாப்பாடு கொடுக்கும்போது அந்த விண்ணப்பத்தைப் போனில் நிரப்பிக் கொடுக்கிறோம். சாமி பெயரும் இயேசு பெயரும் சொல்வதில்லை, அவர்களாகக் கேட்டால் சேர்ந்து ஜெபிப்போம். சம்பளத்தில் எவ்வளவு ஊருக்குப் போக வேண்டுமோ அதைச் சம்பள நாள் அன்றே அனுப்பிவிடப் பழக்குவதில்தான் பாதி வேலை இருக்கிறது.

செங்காங் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. டோட் போர்டு கேள்வியைக் கேட்டேன். பொருளாளர், "பார்த்துச் சொல்றேன்" என்றிருக்கிறார். நிஜமாகவே சிரிக்கவில்லை. லக்கி டிரா இந்த வருடம் இல்லை என்று முடிவாகிவிட்டது. அதற்கே இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

இன்னொரு சந்தேகம். இளைஞர் குழுவில் சிலர் ஹாங் லிம் பூங்காவில் பேச்சாளர் முனையில் நின்று ஜெபிக்கலாமே என்கிறார்கள். அது சரிவருமா?

பொத்தோங் பாசிர் பழசு:

வேண்டாம். அங்கே சமயம் சம்பந்தமாகப் பேசக் கூடாது என்பது விதி. வேறு பொது இடத்தில் கூடுவதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். சபைக்குள் ஜெபியுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. உங்கள் மூப்பர் பயப்படுகிற அரசியல் அதில் இல்லை. இளைஞர்களுக்குத் துடிப்பு இருந்தால் தொகுதி எம்பியின் மக்கள் சந்திப்புக்குப் போகட்டும். ஃபோர் டி கடைகளுக்கும் இந்தத் தடையை நீட்டிக்கச் சொல்லிச் சமயம் சேர்க்காமல், குடிமக்களாக எழுதிக் கொடுக்கட்டும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. சூலியா தெருத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள், நானும் வருகிறேன், மூட்டு வலி இல்லாத நாளாகப் பார்த்து.

அந்தச் சகோதரியிடம் பேசினீர்களா? தேசிய உதவி எண் 1800-6-668-668. வீட்டிலிருந்து கூப்பிட முடியாது என்றால் உங்கள் போனில் கூப்பிடச் சொல்லுங்கள். கணவருக்கே சூதாட்டத்தை விட வேண்டும் என்று எண்ணம் வந்தால் மனநலக் கழகத்தில் அடிமைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அவர் மறுத்தாலும் மனைவி மட்டும் போய் ஆலோசனை கேட்கலாம். சிவப்பு பெயின்ட் விஷயத்தில் போலீஸ் புகார் கொடுத்தாயிற்றா? அந்தப் புகார் நகலும் டின்னுக்குள் போக வேண்டும்.

செங்காங் அக்கா:

பேசிவிட்டேன். முதலில் "நீங்க வேற யாரையோ நினைச்சுட்டீங்க" என்றார். அப்புறம் சமையலறைக்குப் போய் மைலோ டின் ஒன்றை எடுத்து வந்தார். ஏற்கெனவே எல்லாம் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார், வரிசையாக இல்லை, அவ்வளவுதான். புதன்கிழமை இரவு இரண்டு பேராகப் போய் உட்காரப்போகிறோம். புகார் நகல் இல்லை. அதற்கு நாளை அக்கம்பக்கப் போலீஸ் நிலையம் போகிறோம், பெயின்ட் தெறித்த பக்கத்து வீட்டு அங்கிளும் கூட வருகிறார்.