அடுக்கி ஒட்டிச் செதுக்கிய தேக்கு பெஞ்ச்: ஒட்டு ஏன் விடுகிறது?

உளிப்பட்டறை, ரங்கூன்
அமெரிக்க மரச்சாமான் கலைஞர் வென்டெல் காசில் 1960களில் செய்த நாற்காலிகள் மாதிரி, 1 அங்குலத் தேக்குப் பலகைகளை அடுக்கி ஒட்டிச் சிற்பமாகச் செதுக்கிய பெஞ்ச் இது. 4 அடி நீளம், 20 அங்குல அகலம். பலத்துக்காக ஒரு அடுக்கு நெடுக்கே, அடுத்தது குறுக்கே. வெள்ளைப் பசை போட்டு ஒரு ராத்திரி கிளாம்பில் இறுக்கி வைத்தேன். மழைக்காலத்தில் ஒட்டியது. ஏசி அறையில் வைத்த இரண்டாம் மாதம் ஓரங்களில் விரிசல், தாள் நுழைகிறது. விரிசலில் எபாக்சி (இரண்டு திரவம் கலந்து இறுகும் பிசின்) ஊற்றினால் சரியாகுமா?

நார்ஓட்டம், பெகு
ஊற்றாதீங்க தம்பி, பக்கத்தில் புது விரிசல் விடும். குறுக்கு அடுக்குதான் தப்பு. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். ஈரம் 15 சதவீதத்திலிருந்து 10க்கு இறங்கினால், 20 அங்குலத் தேக்கு சுமார் 5 மி.மீ. வரை ஒடுங்கும். நெடுக்குப் பலகை ஒடுங்கப் பார்க்கும், குறுக்குப் பலகை விடாது. நடுவில் பசை கிழிகிறது. பிளைவுட்டில் மரத்தாள் மெல்லிசு, அதனால் தாங்கும். 1 அங்குலப் பலகை தாங்காது. எல்லா அடுக்கிலும் நார் ஒரே திசையில் ஓடணும். ஏசி அறைக்கென்றால் மாசி, பங்குனியில் ஒட்டுங்க, ஈரம் அளக்கும் மீட்டரில் 10-12 சதவீதம் காட்டின பிறகு.

பிசின்டப்பா
அண்ணன் சொன்னது சரி. கூடவே, தேக்கின் எண்ணெயும் பசையைப் பிடிக்கவிடாது. இழைத்த அன்றைக்கே ஒட்டணும். 80 நம்பர் உப்புத்தாளால் கீறி, துணியில் கறை வராத வரை அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் எபாக்சியை இரண்டு முகத்திலும் தடவுங்க. கிளாம்ப் 6 அங்குலத்துக்கு ஒன்று, மிதமாக. வெள்ளைப் பசைக்கு இறுக்கம் வேண்டும். எபாக்சியை அப்படி இறுக்கினால் எல்லாம் பிதுங்கி வெளியேறி, மூட்டு வறண்டுபோகும்.

செதுக்குமேடை, மண்டலே
ஒட்டுவதற்கு முன்பே வடிவத்தை வெட்டிக்கொள்ளுங்க. ஒவ்வொரு அடுக்கின் குறுக்குவெட்டையும் முழு அளவில் வரைந்து, கோட்டுக்கு வெளியே 5 மி.மீ. விட்டு அறுக்கணும். நடு அடுக்குகளைக் குடைந்தால் எடை குறையும். ஒரு தடவைக்கு மூன்று நான்கு அடுக்குதான். உள்வளைவைச் செதுக்கிவிட்டு அடுத்ததை ஏற்றுங்க, பிறகு உளி எட்டாது. கிரைண்டர் தட்டால் முக்கால்வாசி, அப்புறம் மர அரம், கடைசியில் வளைவு உளி. தேக்கில் சிலிக்கா உண்டு, கூர் சீக்கிரம் மழுங்கும். மழுங்கின உளி நாரைப் பிய்க்கும். முகமூடி கட்டாயம்.

இப்போதுள்ள பெஞ்சைப் பசைக்கோட்டோடு அறுத்துப் பிரியுங்க. நெடுக்குப் பலகைகளை மட்டும் இழைத்து மறுபடி அடுக்கலாம், உயரம் குறையும். குறுக்குத் துண்டுகள் சின்ன ஸ்டூலுக்கு ஆகும்.